போஸ்ட் மிஷினுக்கு ஒரு பொட்டு

1

இன்று ஆயுத பூஜை. இங்கே சாதாரண வேலை நாள். காலையில் வழக்கம்போல பஸ்ஸில் வந்து, கோட்டை மாட்டி, கைகழுவி, வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் வேலையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எப்போதும் கொஞ்சம் கஷ்டம். நான் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஒரு சிறிய ஊர். ஒரு காலத்தில் ஊரே ஷூ தைத்துத்தான் பிழைத்தது. ஆம்பூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கம்பெனிகள் எல்லாம் மூடிப் பல காலம் ஆகிவிட்ட ஆம்பூர். அப்படி மூடிய கம்பெனி ஒன்றின் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் நடக்கிறது. பழைய காலணிகள் மட்டுமல்ல, போன வருடம் சந்தைக்கு வந்த புதிய வடிவமைப்புகளும் இங்கே காட்சிக்கு வைக்கப்படும். நான் இங்கே பொருள் காப்பாளர். ஒரு பொருள் உள்ளே வரும்போது அதன் மேல் எங்கே கீறல், எங்கே கறை, எங்கே நிறம் மங்கல் என்று பார்த்து எழுதுவேன். வெளியே போகும்போது மறுபடி பார்த்து எழுதுவேன். வந்தது வந்தபடியே போக வேண்டும். என் வேலையின் மொத்தச் சாரமும் இதுதான்.

தோல் வேதியியல் படிக்க வந்தவன் நான். வேலை பார்த்த தோல் பரிசோதனைக் கூடத்தை மூடினார்கள். தோலைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்று இவர்கள் கேட்டார்கள், வந்துவிட்டேன். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தும்விட்டது.

போன வருடம் ஆயுத பூஜை அன்று, இதே கட்டடத்தில், என் அக்கா மல்லிகா ஒரு மிஷினுக்குக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

2

நான் சேர்ந்த காலத்தில் கண்காட்சி என்றால் வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீடம், அதன் மேல் ஒற்றை ஷூ, மேலிருந்து ஒரே ஒரு விளக்கு. பக்கத்தில் சிறிய அட்டையில் வடிவமைத்தவர் பெயர், ஆண்டு, பொருள். அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. எதுவும் எதன் மேலும் படாது.

பிறகு லேனா வந்தாள். கண்காட்சிகளை அமைக்கும் பொறுப்பாளர். க்யூரேட்டர் என்பார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். வந்த முதல் வாரமே கிடங்கில் ஒரு பெண்கள் ஷூவைக் கையில் எடுத்தாள், கையுறையோடுதான். உள்பக்கம் புரட்டி எனக்குக் காட்டினாள்.

"வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது. 'தயாரிப்பு: இந்தியா' என்றும் இருக்கிறது. தைத்தவர் பெயர் எங்கே?"

ஒரு ஷூ பல பேர் கைமாறித்தான் உருவாகிறது, வெட்டுகிறவர் ஒருவர், ஓரம் சீவுகிறவர் ஒருவர், தைக்கிறவர்கள் ஒரு வரிசை, அச்சில் ஏற்றுகிறவர் வேறு ஒருவர், அதனால் பெயர் போட முடியாது என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி. எல்லார் பெயரும் வேண்டாம். ஒரு பெயர் சொல்லுங்கள்."

"மல்லிகா" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் லைனில் அக்கா பல வருடமாக வேலை பார்க்கிறாள்.

லேனா அன்றைக்குச் சொன்னதை என் பாணியில் சுருக்கிச் சொல்கிறேன். கண்காட்சி அமைப்பதில் இப்போது காற்று மாறி அடிக்கிறது. பொருளை அழகாக நிறுத்தி வைத்தால் போதும் என்பது போய்விட்டது. செய்தவர், போட்டுக்கொண்டு நடந்தவர், தூக்கி எறிந்தவர் எல்லாரையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அதுவும் படமாக மாட்டுவதற்கு இல்லை. அறையை எப்படி வைப்பது என்று முடிவெடுக்கிற ஆளாக.

"உங்கள் அக்கா ஒரு அறையை அமைத்துத் தருவாரா?" என்றாள்.

3

லேனா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அங்கிருந்து அக்காவோடு வீடியோவில் பேசினோம். அக்கா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, தோளில் சாப்பாட்டுப் பையுடன் போன் முன்னால் உட்கார்ந்தாள். லேனா தான் நினைத்திருந்த அறையின் மாதிரிப் படத்தைக் காட்டினாள். கரும்சாம்பல் சுவர். நடுவில் ஒரு தையல் மிஷின் மேல் மட்டும் வெளிச்சம். நாலா பக்கமும் தொழிற்சாலை இரைச்சல். சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கடிகாரம். உழைப்பின் பாரத்தை வருகிறவர்கள் உடம்பால் உணர வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அக்கா உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடா இது, கரண்ட் போன மாரி இருக்குது?"

நான் நாகரிகமாக மொழிபெயர்க்கப் பார்த்தேன். அதற்குள் என் மகள் நிலா, சோபாவில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள், சிரித்துக்கொண்டே ஜெர்மனில் அப்படியே சொல்லிவிட்டாள். லேனாவும் சிரித்தாள். "அப்படியென்றால் எப்படி வைக்கலாம், கேளுங்கள்."

"கஷ்டம் இல்லன்னு சொல்லல தம்பி. முதுகு வலி ஜாஸ்தி. டார்கெட்டு ஜாஸ்தி. சம்பளம் கம்மி. அத எழுதி வை, நானே வேணா பேசிக் குடுக்கறேன், போட்டுக் காட்டு. ஆனா வூட்டுக்கு வர்றவங்கள இருட்டுல நிக்க வெச்சா சொல்லுவ? நல்லா லைட்டு போடு. மிஷின கழுவித் தொடைச்சு வை. நான் பக்கத்துல நிக்கறேன். பூஜ அன்னிக்கு நிக்கறதில்ல? அந்த மாரி."

வேறு எதுவும் அவள் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும். வருடம் முழுக்க வெளியாட்கள் நுழைய முடியாத அந்த கம்பெனி கேட், ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பங்களுக்காகத் திறக்கும். ஒவ்வொருத்தியும் பட்டுப்புடவை கட்டி, தன் மிஷின் பக்கத்தில் நிற்பாள். முதலில் மெக்கானிக் பஷீர் பாய் எண்ணெய்க் குப்பியோடு லைன் லைனாக வருவார். அவர் எண்ணெய் விட்ட பிறகுதான் சந்தனம், குங்குமம், பூ எல்லாம். முதலாளி பாய் தன் பிள்ளைகளோடு வந்து எல்லாரிடமும் பொரி வாங்கிக்கொள்வார். மாமியார், புருஷன், பிள்ளைகள், தம்பி என்று வந்தவர்கள் வரிசையாக நடந்து பார்ப்பார்கள். வேலூரில் கல்லூரியில் படித்தபோது எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்திலிருந்து அம்மாவோடு ஒருமுறை போயிருக்கிறேன். அக்கா மிஷினின் தலையில் கைவைத்துக்கொண்டு, வீட்டு மனுஷரை அறிமுகப்படுத்துவது போலச் சொன்னாள்: "இதாம்மா என் மிஷினு."

யோசித்துப் பார்த்தால், நான் பார்த்த முதல் வடிவமைப்புக் கண்காட்சி அதுதான்.

இதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, நிலா தெரியாத சொற்களை என்னிடம் கேட்டுக் கேட்டு, லேனாவுக்குச் சொல்லி முடித்தாள். லேனா சாம்பல் சுவர்ப் படத்தை மூடிவிட்டு, "திறப்பு விழாவை அந்த நாளிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்றாள்.

கடைசியாக எங்கள் கிடங்கில் இருந்த ஒரு தையல் மிஷினின் படத்தைக் காட்டினோம். மேசை மட்டத்திலிருந்து ஒரு சிறிய கம்பம் எழும்பி, அதன் உச்சியில் ஊசி இறங்குகிற வகை. வளைந்த தோலைச் சுற்றிச் சுற்றித் தைக்க வசதி. ஆம்பூரில் போஸ்ட் மிஷின் என்பார்கள். இந்த ஊர் கம்பெனிகள் மூடியபோது இதே வகை மிஷின்கள் பல, பழைய விலைக்கு நம் பக்கம் வந்து சேர்ந்தன.

"அட! நான் மொதமொதல்ல உக்காந்தது இதுலதான்டா!" என்றாள் அக்கா. "அது பச்ச பெயிண்ட்டு, இது கருப்பு. அதுக்கு அங்க இன்னா வேல?"

4

அழைப்புக் கடிதத்துக்காக இங்கே நகராட்சி அலுவலகத்துக்கு அலைந்தேன். விருந்தாளி தங்குவதற்கு வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"ஒரு பாய் போட எடம் போதும்னு எழுதிக் குடு."

சென்னையில் விசாவுக்குப் போனபோது, ஷூ தைக்கிறவர் எதற்காக ஒரு கண்காட்சி அமைக்கப் போகிறார் என்று கேட்டார்களாம். "நான் தைச்சத அங்க வெச்சிருக்காங்களாம் சார். சரியா வெச்சிருக்காங்களான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றாளாம். விசா கிடைத்தது. பூஜைக்குச் சில வாரம் முன்பே வந்து சேர்ந்தாள்.

நிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்குப் பதினேழு. நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஜெர்மனில் பதில் சொல்லும் வயது. நானும் என் மனைவியும் அதை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தே வந்தோம். அத்தைக்கோ வேறு மொழி கிடையாது. ஆகவே அறை வேலை நடந்த நாட்களில் நிலாதான் அவளுக்கு வாய். பள்ளி விட்டதும் நேராக அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுவாள்.

"நிலா, இன்னாடி சொல்றாரு அந்தக் கண்ணாடிக்காரரு?"

"எண்ணெய் விடக் கூடாதாம் அத்தை. பொருள் மேல ஒண்ணுமே ஊத்தக் கூடாதாம்."

"எண்ண விடாத மிஷினா? துரு புடிச்சிடும்னு சொல்லு."

கண்ணாடிக்காரர் என்றது ஃபோக்ட்டை. பொருட்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பவர், நல்ல மனிதர், விதி என்றால் விதி. தீயணைப்புப் பாதுகாப்புக்காரர் வேறு ஒருநாள் வந்தார். கற்பூரம் கூடாது. ஊதுவத்தி கூடாது. வாசலில் பூசணிக்காய் உடைப்பதை நிலா விளக்கியபோது, அவர் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதுவும் கூடாது என்றார். பொரியும் கடலையும் வாசல் கூடத்தில் மட்டும். அக்கா ஒன்றுக்கும் சண்டை போடவில்லை. சீரியல் பல்பு மட்டும் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். அதுவும் சரியில்லை, கண்ணைப் பறிக்கிறது, மிஷின் தெரியாமல் போகிறது என்று லேனா வாதாடினாள். போட்டுப் பார்த்தார்கள். "அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டுதான்" என்று அக்காவே கழற்றினாள்.

கடைசியில் அறை இப்படி அமைந்தது. நல்ல வெளிச்சம். மாவிலைக்குப் பதிலாகத் தோல் துண்டில் வெட்டிய தோரணம். சுவரோரம் ஹெட்போன்கள். மாட்டிக்கொண்டால் முதுகுவலி, டார்கெட், கழிப்பறைக்குக்கூடக் கேட்டுவிட்டுப் போகவேண்டிய கதை எல்லாம் அக்காவின் குரலில், கீழே ஜெர்மன் மொழிபெயர்ப்பு எழுத்தில். நடுவில் கருப்பு மிஷின். அதன் பக்கத்தில் அவள் நிற்க ஓர் இடம்.

5

திறப்பு விழா மாலையில். காலையில் நான் கடைசிச் சுற்றுப் பார்வைக்குக் கைவிளக்கோடு போனேன். மிஷினுக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

தலையில் ஒன்று, சக்கரத்தில் ஒன்று, கீழே கம்பத்தின் உச்சியில் ஊசித் தகட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. குழைத்த சந்தனம், மேலே குங்குமம். தலையிலிருந்த பொட்டு கம்பெனியின் பொன்னெழுத்துப் பெயரின் மேலேயே இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

ஃபோக்ட்டைக் கூப்பிட்டேன். அது என் கடமை. அவர் கத்தவில்லை. குனிந்து பார்த்தார்.

"இப்போதே எடுத்தால் சுத்தமாக எடுத்துவிடலாம். மாலை வரை விட்டால் இந்தப் பழைய வார்னிஷ் சாயத்தைக் குடித்துவிடும். பிறகு போகாது."

லேனாவும் வந்துவிட்டாள். வந்தது வந்தபடியே போக வேண்டும் என்று சம்பளம் வாங்குகிறவன் நான். வைத்தது என் அக்கா.

வாசல் கூடத்தில் காபி குடிக்கப் போயிருந்த அக்காவும், அன்று பள்ளிக்கு விடுப்பு சொல்லியிருந்த நிலாவும் திரும்பி வந்தார்கள்.

"இன்னாடா, எல்லாரும் எழவு வூட்டுல நிக்கிற மாரி நிக்கறீங்க?"

"அக்கா... இது மேல ஒண்ணும் வெக்கக் கூடாதுக்கா. கறை புடிச்சிக்கும்."

அவள் மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஃபோக்ட்டின் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். அந்த முகம் சுருங்கியதை நான் பார்த்திருக்கக் கூடாது.

"தப்பா பூடுச்சா? எண்ணெதான் வேணாம்னாங்க. பொட்ட யாரும் வேணாம்னு சொல்லலியே. நாலு பேரு வர்ற நாளு, வெறும் நெத்தியா நிக்குதேன்னு வெச்சேன்." பிறகு கையை நீட்டினாள். "துணி குடு. நானே தொடைச்சுடறேன்."

"கொஞ்சம் இருக்கா."

"இல்லடா. உன் வேலைக்கு எதுனா பேஜாராயிடப் போவுது. சாயங்காலம் நான் வர்ல. நீங்களே பாத்துக்குங்க. அந்தப் பொண்ணு நல்லா பேசும்."

நிலா அதை மொழிபெயர்க்கவில்லை. அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேனாவுக்கு மொழிபெயர்ப்பு தேவையும் இருக்கவில்லை.

"இது என் முடிவும் இல்லை, உங்கள் முடிவும் இல்லை" என்றாள் லேனா. "மிஷினைத் தந்தவரைக் கேட்போம்." ஃபோக்ட்டைப் பார்த்து, "அவர் வரும்வரை பஞ்சை வைத்திருங்கள்" என்றாள்.

மிஷினைத் தந்தவர் ரோட் அம்மையார். எண்பது தாண்டியவர். இதே கட்டடம் கம்பெனியாக இருந்தபோது இதே மிஷினில் உட்கார்ந்து தைத்தவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நான் இங்கே சேர்ந்ததிலிருந்து அன்றுவரை, ஒரு பொருள் எங்களிடம் வந்து சேர்ந்த பிறகு அதைத் தந்தவரைக் கூப்பிட்டு யாரும் எதையும் கேட்டதில்லை.

6

சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வருவதற்குள் பொட்டுகளின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. அக்கா சுவரோர நாற்காலியில், கூட்டத்தில் தொலைந்த ஆள் மாதிரி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையில் இருந்தாள். காலையிலேயே கட்டிக்கொண்டு வந்துவிட்டிருந்தாள்.

ரோட் அம்மையார் மிஷினைப் பார்த்தார். "யார் வைத்தது?"

நிலா சொல்வதற்கு முன்பே அக்கா எழுந்துவிட்டாள். "நான்தான்மா."

"எதற்காக?"

நிலா சொன்னாள். வருடத்தில் ஒருநாள் இதை ஓட்ட மாட்டார்கள், இதற்கு நன்றி சொல்வார்கள், வீட்டிலிருந்து எல்லாரும் வந்து பார்ப்பார்கள் என்று. நல்ல ஜெர்மன். கேட்ட கதையை ஒப்பிப்பது போல இல்லாமல், தானே அந்த கேட் வழியாகப் போய்வந்தவள் போலச் சொன்னாள்.

அம்மையார் நடைவண்டியை ஓரமாக விட்டுவிட்டு, மேசையைப் பிடித்து மெதுவாகக் குனிந்தார். தலைப்பொட்டைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். ஊசித் தகட்டுக்குப் பக்கத்திலிருந்த பொட்டைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்த ஒன்றை மட்டும், மூலை முடுக்கு விடாமல் அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ ஆமாம்மா! அங்க வெச்சிருக்கக் கூடாது! வெள்ளத் தோலு ஏறுச்சுன்னா மொத்தமும் ரிஜெக்ட்டு!"

நிலா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, பாட்டியும் அதையேதான் சொல்றாங்க."

ரோட் அம்மையார் நிமிர்ந்தார். "மற்ற இரண்டும் இருக்கட்டும்" என்றார் ஃபோக்ட்டிடம். "அங்கே தோல் படாது."

ஃபோக்ட் பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா அதற்குள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் போட்டாள். அம்மையாரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தான் மறுபக்கம் நின்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். மாலை ஆனதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஊரிலிருந்த பழைய கம்பெனிப் பெண்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள், வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள். நான் பழக்கத்தில் மிஷினுக்கு முன்னால் காவல் நின்றேன்.

"டேய் சேகரு, மறைக்காதடா. அந்தப் பக்கம் போய் நில்லு, வர்றவங்களோட."

போய் நின்றேன். என் வேலை நாட்களில் முதல் தடவையாக, பார்க்க வந்தவர்களின் வரிசையில். அங்கிருந்து பார்க்கும்போது, அக்கா மிஷினின் தலையில் கைவைத்து, "இதான் என் மிஷினு" என்றாள். நாற்காலியிலிருந்த அம்மையாரும் அதன் உடம்பில் கைவைத்து, தன் மொழியில் அதையே சொன்னார். நடுவில் நின்ற நிலா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குச் சொன்னாள்: "இது இவர்கள் இரண்டு பேருடைய மிஷின்."

யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசவில்லை.

7

கண்காட்சி முடிந்து, மிஷின் கிடங்குக்குத் திரும்பிவிட்டது. ஃபோக்ட் சொன்னது சரிதான், வார்னிஷ் குடித்துவிட்டது. பொன்னெழுத்துகளின் இடுக்கில் மங்கலாக ஒரு சிவப்பு இருக்கிறது. திரும்ப வைக்கும்போது நான்தான் எழுதினேன். கறை என்ற சொல்லைப் போடவில்லை. ஆயுத பூஜைப் பொட்டு என்று போட்டு, வைத்தவர் பெயரையும் எழுதினேன்.

நிலா இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். எங்களிடம் போனில் பேசினால் இன்னும் பாதி ஜெர்மன்தான். இன்று காலை அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கேட்டால் அக்காவின் குரல். எனக்கு அனுப்பியதல்ல, அவளுக்கு அனுப்பியது. அவர்கள் இரண்டு பேரும் என் வழியாக இல்லாமல் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"நிலா கண்ணு, பூஜ முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். உன்னாண்ட சொன்னேனே, அத அப்பன்கிட்ட சொன்னியா இல்லயா? போன வருசம் எண்ண வுடாமயே பொட்டு வெச்சிட்டேன். மனசு கேக்கல. ரெண்டு சொட்டு வுடச் சொல்லு."

லேனாவிடம் போனேன். அவள் சிரித்துவிட்டு ஃபோக்ட்டைக் காட்டினாள். ஃபோக்ட் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தானே கிடங்குக்கு வந்து, மேலிருந்த உறையை எடுத்து, எண்ணெய்த் துளையைக் காட்டி, சிறிய குப்பியை என் கையில் கொடுத்தார். "ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

குப்பியைச் சாய்த்தேன். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஊசி சத்தமில்லாமல் இறங்கி ஏறியது.

பிறகு மேசைக்கு வந்து இன்றைய தேதிக்கு எதிரே எழுதினேன்: எண்ணெய் விடப்பட்டது. எத்தனை சொட்டு என்று எழுதவில்லை.